கவுன்சலிங்கில் மாஸ்டர்ஸ் படித்தால் கை தேறுமா, தாள் மட்டும்தான் கூடுமா?

ஹெச்ஆர்_மேசை | செவ்வாய், இரவு 10:52

வணக்கம். இத்தனை நாள் ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவள், இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன்.

வயது 36. கோலாலம்பூரில் ஒரு தொழிற்சாலையின் ஹெச்ஆரில் 11 வருடம். டிகிரி வணிக நிர்வாகம், மனோதத்துவத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் என் மேசைக்கு எதிரே கிடக்கிற நாற்காலிக்கு என்ன ராசியோ தெரியவில்லை, லீவு பாரம் கொடுக்க வருகிறவர்கள் உட்கார்ந்ததும் வீட்டுக் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். டிஷ்யூ பெட்டியை ஸ்டேஷனரி கணக்கில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஓர் அண்ணன் எம்சி சீட்டு, அதான் மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுக்க வந்தார். சீட்டை நீட்டினார், வாங்கிக்கொண்டேன், ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த ஹெல்மெட் பட்டையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். அப்புறம் "வீட்ல ஆள் இல்லம்மா இப்ப" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எல்லாம் சரியாயிடும்ண்ணே, சாமிய நம்புங்க" என்று சொல்லிவைத்தேன். "சரிம்மா" என்று எழுந்து போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டுப் போகிற சரிம்மா அது. இன்னும் காதிலேயே நிற்கிறது.

அதிலிருந்துதான் இந்த மாஸ்டர்ஸ் யோசனை. வேறு துறை டிகிரியை வைத்துக்கொண்டு சேர முடியுமா, வேலையை விடாமல் படிக்க முடியுமா, முடித்துவிட்டு வந்தால் எதிரில் உட்காருகிறவருக்கு உருப்படியாக ஏதாவது செய்யத் தெரியுமா, இல்லை பிசினஸ் கார்டில் இன்னொரு வரிதானா? வீட்டுக்காரர் "படி" என்கிறார். மாமியார் "பேசுறதுக்குப் போய் யாராவது படிப்பாங்களா" என்கிறார்.

கோப்பி_ஓ | செவ்வாய், இரவு 11:20

நான் மாமியார் கட்சி. செந்தூலில் சாப்பாட்டுக் கடை, டீ, கோப்பி கலக்குவது நான்தான். என் கடையில் தினமும் இலவசக் கவுன்சலிங் நடக்கிறது தங்கச்சி, ஒரு தே தாரிக் விலைக்கு. பொண்டாட்டி சண்டை, மகன் போதை, அண்ணன் தம்பி வீட்டுப் பங்கு, எல்லாம் கேட்டாயிற்று. நல்லது கெட்டது சொல்கிறேன், கேட்டுக்கொண்டு போகிறார்கள். இதற்கு எதற்கு இரண்டு வருடமும் அத்தனை பணமும்? நம்ம ஆளுங்க கவுன்சலரைத் தேடிப் போவார்களா என்ன. கோயிலுக்குப் போவார்கள், அது சரியில்லை என்றால் குறி கேட்கப் போவார்கள். தப்பாக நினைக்காதீர்கள், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பிறைக்காரி | புதன், காலை 7:15

பினாங்கு பக்கம், பிறையில் இருக்கிறேன். பதிவு பெற்ற கவுன்சலர், 14 வருடம் ஆகிறது.

கோப்பி_ஓ அண்ணனுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டம் இருக்கிறது, அக்தா (சட்டம்) 580. அதன்படி லெம்பாகா கவுன்சலோர் மலேசியாவில், அதாவது கவுன்சலர் வாரியத்தில், பதிவு செய்து, தொழில் செய்வதற்கான சான்றிதழையும் வாங்கினால்தான் கவுன்சலர் என்று போர்டு மாட்டலாம். பெயருக்குப் பின்னால் கேபி, பிஏ என்று போட்டிருப்பார்கள் பாருங்கள், கவுன்சலோர் பெர்டாஃப்தார் (பதிவு பெற்ற கவுன்சலர்), பெராக்குவான் அமாலான் (தொழில் சான்றிதழ்), அதுதான். அதனால் மாஸ்டர்ஸ் சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்தப் படிப்பை லெம்பாகா ஏற்கிறதா?" பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கேளுங்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். பாடமும் பிராக்டிகமும் (நேரில் ஆள் பார்த்துப் பழகுகிற பயிற்சி) இன்டர்ன்ஷிப்பும் உள்ள படிப்பு ஒன்று, ஆய்வு மட்டும் செய்து வாங்குகிற பட்டம் இன்னொன்று. ஆளை எதிரில் உட்கார வைத்து, மேலே ஒருவர் கண்காணிக்கப் பழகிய மணி நேரம் இல்லாமல் பதிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று, மூன்று ஆட்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மனநல மருத்துவர் டாக்டருக்குப் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேறு சட்டத்தின் கீழ் வருகிறார், 2016-ஆம் ஆண்டின் அக்தா 774. நாங்கள் 580. நீங்கள் எதுவாக வேண்டும் என்பது தெரிந்தால்தான் எந்தப் பாரத்தை நிரப்புவது என்பது தெரியும்.

வேறு டிகிரிக்காரர்களைச் சேர்ப்பதுண்டு, நேர்காணல் வைத்து. என் வகுப்பில் ஒரு கணக்காளரும் ஒரு நர்ஸும் இருந்தார்கள். அந்த நர்ஸ்தான் எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சும்மா இருக்கத் தெரிந்தவர்.

அடிபட்டவன்_கிள்ளான் | புதன், காலை 9:41

மேலே சொன்னதற்கு நான் சாட்சி. பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒரு தனியார் கல்லூரி, ஏஜென்ட் வீட்டுக்கே வந்து "இதை முடிச்சா நேரா ரெஜிஸ்டர் பண்ணலாம் பிரதர்" என்றார். ஏறக்குறைய ஒரு ஆக்சியா கார் விலை போயிற்று. முடித்து எழுதிக் கேட்டால், அந்தப் படிப்பு பட்டியலிலேயே இல்லை. ஏஜென்ட் நம்பர் அப்போதே செத்துவிட்டது. இப்போது சொல்லிக்கொள்ள ஒரு பட்டம் இருக்கிறது, சட்டப்படி கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பணம் கட்டும் முன் லெம்பாகாவுக்கு நீங்களே மெயில் போட்டுப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. ஏஜென்ட் வாயை நம்பாதீர்கள்.

இரண்டாம்_செமஸ்டர் | புதன், பகல் 1:08

சாப்பாட்டு நேரம், அவசரமாக எழுதுகிறேன். நான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன், வேலை பார்த்துக்கொண்டே, சனி ஞாயிறு வகுப்பு. பாட வகுப்புவரைக்கும் சமாளிக்கலாம், பிராக்டிகம் வந்தால் வாரநாளில் ஆள் பார்க்க வேண்டும், அங்கேதான் எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முதலாளியிடம் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

காசு விஷயம்: கேடபிள்யூஎஸ்பியில், அதான் சேமநிதியில், படிப்புக்கு எடுக்கலாம், 2024 மே மாதம் கணக்கு மூன்றானதற்கு அப்புறம் அது செஜாத்ரா கணக்கில் வருகிறது. வருமான வரியில் சுயகல்விக்கு வருடத்துக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு, மாஸ்டர்ஸ் என்றால் எந்தத் துறையானாலும் சேரும். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

திறமை வளருமா என்று கேட்டீர்கள். எனக்கு வளர்ந்ததாக இன்னும் தோன்றவில்லை, ஆனால் ஒன்று நடந்தது. எங்களுக்கு வெர்பேட்டிம் என்று ஒரு தண்டனை. ஆளின் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து, வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும், இருமலும் எத்தனை நொடி அமைதி என்பதும்கூட. 50 நிமிடப் பேச்சை எழுத எனக்கு இரண்டு ராத்திரி. எழுதி முடித்து எண்ணிப் பார்த்தால் "சரி சரி" என்று 41 தடவை சொல்லியிருக்கிறேன். அவர் அப்பா இறந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நடுவில் பூந்து "எனக்கும் இப்படித்தாங்க, எங்கப்பா போனப்ப" என்று ஒன்றரை நிமிடம் என் கதை. அவர் "ஓ, அப்படியா சார், பாவம்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்! பதிவில் என் குரலைக் கேட்க எனக்கே சகிக்கவில்லை. சூப்பர்வைசர் அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார், வேறு எதுவும் எழுதவில்லை.

கோப்பி_ஓ | புதன், மாலை 4:30

தம்பி, சொந்தக் கதை சொன்னால் என்ன தப்பு? நமக்கும் நடந்திருக்கிறது என்று தெரிந்தால்தானே அவனுக்குத் தெம்பு வரும்.

இரண்டாம்_செமஸ்டர் | புதன், மாலை 5:02

கடையில் தப்பே இல்லை அண்ணே. ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகு அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசவே இல்லை. 50 நிமிடம் முடியும்வரை. பதிவைக் கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

பிறைக்காரி | புதன், இரவு 9:37

தம்பி அந்தப் பதிவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதாவது மனதில். பதிவை விதிப்படி அழித்துவிடுங்கள்.

ஹெச்ஆர் தங்கச்சிக்கு. மாஸ்டர்ஸில் கோட்பாடு நிறைய வரும். கார்ல் ரோஜர்ஸ், எல்லிஸ், பெக், கிளாசர் என்று ஆளுக்கொரு சிகிச்சை முறை வகுத்தவர்கள், எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதிவிடலாம். ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையில் சொன்னதை இன்றும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். உதவுகிறவர் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதவராக இருக்க வேண்டும், வந்தவரை நிபந்தனை போடாமல் ஏற்க வேண்டும், அவர் இருக்கிற இடத்திலிருந்தே அவர் உலகத்தைப் பார்க்க வேண்டும், அது வந்தவருக்கும் தெரிய வேண்டும். படிக்க எவ்வளவு சுலபம் பாருங்கள். அதையே ஓர் ஆளை எதிரில் வைத்துத் தமிழில் செய்யச் சொன்னால்தான் தெரியும்.

என் படிப்பு முழுக்க மலாயும் ஆங்கிலமும். பிராக்டிகத்தில் முதல் தமிழ் அம்மா வந்து உட்கார்ந்தார். "உணர்ச்சியைத் திருப்பிக் காட்டு" என்று படித்திருக்கிறேன் அல்லவா, அவர் பத்து நிமிடம் பேசிய பிறகு "நீங்க சோகமா உணர்றீங்க" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன டீச்சர்?" என்றார். தமிழில் யார் சோகமாக உணர்கிறார்கள்? மனசு பாரமாக இருக்கும், நெஞ்சை அடைக்கும், வயிறு எரியும், உடம்பு கூசும், மனசு விட்டுப் போகும், வெறுத்துப் போகும், மனசு கேட்கவே கேட்காது. அன்று ராத்திரி பிராக்டிகம் நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன், அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அட்டை போய்விட்டது. "வயிறு எரியுது" என்று ஒரு தாய் மகனைப் பற்றிச் சொன்னால் அது துக்கம். அதையே பக்கத்து வீட்டைப் பற்றிச் சொன்னால் பொறாமையாக இருக்கலாம். முதலாளியைப் பற்றிச் சொன்னால் அநியாயத்தைப் பார்த்த கோபம். "மனசு கேக்கல" என்பதற்கு நான் நான்கு அர்த்தம் எழுதி வைத்திருக்கிறேன்.

"நெஞ்சு அடைக்குது" என்று சொன்னால் மட்டும் ஒரு எச்சரிக்கை. உடனே மனசு என்று முடிவு பண்ணாதீர்கள், டாக்டரிடம் போனீர்களா, ஈசிஜி எடுத்தீர்களா என்று முதலில் கேட்க வேண்டும். உண்மையிலேயே இருதயமாக இருந்துவிட்டால்?

என் சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது. வெர்பேட்டிமை மலாயில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். தன் அண்ணனுடைய வீட்டை விட்டு வெளியேறி ஏழு வருடம் திரும்பாத ஒருவர் "ரோசம் மிஸ், வேற ஒண்ணுமில்ல" என்றார். ரோசத்தை மலாயில் என்னவென்று எழுதுவேன்? "கோபமா, மானமா, வெட்கமா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். மூன்றும் சேர்ந்தது, மேலே கொஞ்சம் உப்பு என்றேன். (ரோசம் உள்ளவன்தான் சோற்றில் உப்புப் போட்டுத் தின்பான் என்பதை அவருக்கு விளக்கவே கால் மணி நேரம் ஆயிற்று, அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.) ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில்தான் எனக்கே விளங்கியது, அந்த ஆளிடம் "அண்ணனை மன்னிச்சிடுங்க" என்ற பக்கம் போகவே கூடாது, ரோசத்தைக் காப்பாற்றிக்கொண்டே திரும்புவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்றுதான் பேச வேண்டும் என்று.

"ஏன்" என்ற சொல்லையும் குறைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கும் திறன் என்று தனியாகவே ஒரு வாரம் நடத்துவார்கள், "ஏன்" ஆளைத் தற்காப்புக்குத் தள்ளும் என்பார்கள். தமிழில் அது இரண்டு மடங்கு. "ஏன் இப்படிச் செஞ்சே" என்று நம்மிடம் கேட்டவர்கள் யார்? அப்பா, பெரிய வாத்தியார், மாமியார். பதிலா எதிர்பார்த்தார்கள்? திட்டுவதற்கு முன் தொண்டையைச் செருமுகிற மாதிரி அது.

உங்கள் ஃபோர்க்லிஃப்ட் அண்ணனுக்கு வருகிறேன். "வீட்ல ஆள் இல்லம்மா" என்றார் அல்லவா. நீங்கள் "ஆள் இல்ல..." என்று திருப்பிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்த இரண்டு சொல்லில் மனைவி இறந்தாரா, பிரிந்தாரா, ஊருக்குப் போனாரா, எதுவும் நமக்குத் தெரியாது. "சரியாயிடும்" என்றால் எது சரியாகும்?

அவர் ரொம்பத் தளர்ந்து தெரிந்தால், உயிர் மேல் வெறுப்பு வந்ததா என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை, கேட்டால் பலருக்கு இறக்கி வைத்த மாதிரி இருக்கும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவையும் 2023-இல் எடுத்துவிட்டார்கள், போலீஸ் வருமோ என்ற பயமும் வேண்டாம்.

ஒரு சின்னக் கண்டிப்பும். ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவருடைய மச்சானும் இங்கே படித்துக்கொண்டிருக்கலாம்.

ஹெச்ஆர்_மேசை | புதன், இரவு 10:26

அக்கா, ஃபோர்க்லிஃப்டே மாற்றிச் சொன்னதுதான். ஹெல்மெட்டும். ஆனாலும் உறைத்தது.

"ஆள் இல்ல" என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரர் கூடத்திலிருந்து "யாரு இல்ல?" என்று கேட்டார்.

சாக்பீஸ் | வியாழன், மாலை 3:50

பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பிறைக்காரி அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும், தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகினால் மன்னிக்கவும். நாட்டில் 500-க்கும் மேல் தமிழ்ப்பள்ளி இருந்தாலும் பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிக்கு முழுநேரக் கவுன்சலர் கிடைப்பதில்லை, அதனால் "நீதான் பொறுமையா பேசுவ" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கணக்கும் எடுக்க வேண்டும், கவுன்சலிங்கும் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒன்று சொன்னான். சொல்லி முடித்துவிட்டு "அம்மாகிட்ட சொல்லாதீங்க டீச்சர்" என்றான். மறுநாள் அம்மா கேட்டில் நிற்கிறார், "என்ன சொன்னான், நான் பெத்தவ, எனக்குத் தெரியணும்" என்று. நான் என்ன செய்திருக்க வேண்டும்? (சொல்லிவிட்டேன். அவன் அதற்கப்புறம் என்னைப் பார்த்தால் வேறு வழியாகப் போகிறான்.)

பிறைக்காரி | வியாழன், இரவு 8:44

டீச்சர், உங்களைக் குறை சொல்லமாட்டேன், பயிற்சி கொடுக்காமல் தலையில் கட்டியவர்களைத்தான் சொல்ல வேண்டும். படிப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது முடிவில் சொல்வதில்லை, முதலில் சொல்லச் சொல்வார்கள். பையன் வாயைத் திறக்கும் முன்பே, "நீ சொல்றது என்கிட்ட இருக்கும். ஆனா உன்னை யாராவது அடிக்கிறாங்க, தொடக்கூடாத மாதிரி தொடுறாங்க, நீ உன்னையே ஏதாவது பண்ணிக்க நினைக்கிற, இந்த மாதிரின்னா நான் பெரியவங்ககிட்ட சொல்லியாகணும், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதைச் சொல்லியிருந்தால், பிறகு சொல்ல நேர்ந்தாலும் அது காட்டிக்கொடுத்தது ஆகாது. அந்த அம்மாவிடம், "அவன் பத்திரமா இருக்கான், நீங்களும் அவனும் சேந்து பேச நான் ஏற்பாடு பண்றேன்" என்று ஆரம்பித்திருக்கலாம். அந்தப் பையனிடம் இன்னும் போகலாம். "நான் சொன்னது தப்பு" என்று ஒரு டீச்சர் வந்து சொல்வதை அவன் இதுவரை கேட்டிருக்கவே மாட்டான்.

கோப்பி_ஓ அண்ணே, உங்கள் பாக்கியைத் தீர்க்கிறேன்.

நம்ம ஆளுங்க கோயிலுக்கும் குறி கேட்கவும் போகிறார்கள் என்பது நூற்றுக்கு நூறு உண்மை. நான் முதல் சந்திப்பில் கேட்கிற கேள்வியே "இதுக்கு முன்னாடி யார்கிட்டெல்லாம் போனீங்க?" என்பதுதான். பாரத்தில் அந்தக் கேள்வி கிடையாது, நானாகச் சேர்த்துக்கொண்டது. முதலில் தயங்குவார்கள், படித்தவள், சிரிப்பாள் என்று. நான் சிரிக்கமாட்டேன் என்று தெரிந்ததும் வரும்: தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டது, கையில் கட்டிய கயிறு, எலுமிச்சம்பழம், பெரியப்பா சொன்ன பரிகாரம். அதில்தான் அவர்கள் எதைப் பிரச்சினை என்று நினைக்கிறார்கள், யாரை நம்புகிறார்கள், எவ்வளவு நாளாகத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. கயிற்றை அவிழ்க்கச் சொல்ல நான் யார்.

புத்தி சொல்வது பற்றி. ரோஜர்ஸ் வழியையே பிடித்துக்கொண்டு "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மாற்றி மாற்றிக் கேட்டால் நம்ம ஊர்ப் பெரியவர், "எனக்குத் தெரிஞ்சா உன்கிட்ட ஏம்மா வரேன்" என்று எழுந்து போய்விடுவார், எனக்கே நடந்திருக்கிறது. அதனால் அப்படிப்பட்டவர்களுக்கு நான் கிளாசர் வழிக்கு மாறுவேன், ரியாலிட்டி தெரப்பி. அவர் வழியில் வந்த வுபோல்டிங் அதை நான்கு கேள்வியாகச் சுருக்கி வைத்திருக்கிறார். தமிழில் நான் கேட்பது: "உங்களுக்கு என்னதான் வேணும்? அதுக்கு இப்ப என்ன செய்றீங்க? செய்றது கை கொடுக்குதா? சரி, நாளைக்கு எழுந்ததும் என்ன செய்யலாம்?" நான்கிலும் மூன்றாவதுதான் வேலை செய்யும். ஒரு தாத்தா அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் "இல்ல" என்றார். அந்த "இல்ல"வை நான் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

உங்கள் கடைக்கும் என் அறைக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். உங்கள் கடையில் ஒன்றாம் மேசை சொன்னது மூன்றாம் மேசைக்குத் தெரிந்துவிடும். போன தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் என்னிடம் வருகிற ஒருவர் குடும்பத்தோடு எதிரே வந்தார். நான் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன், வெளியே பார்த்தால் நானாக வணக்கம் சொல்லமாட்டேன், நீங்கள் சொன்னால் சொல்வேன் என்று. அவர் சொல்லவில்லை. என் அம்மா மட்டும் "அந்தப் பையன் ஒன்னையே பார்த்துட்டுப் போறான், யாரு அது" என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

கோப்பி_ஓ | வியாழன், இரவு 11:58

கடை சாத்திவிட்டு எழுதுகிறேன். மூன்றாம் மேசை விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடவை அதனால் ஒரு சண்டையே வந்தது, விடுங்கள்.

இதற்குத் தமிழில் என்ன பெயர்? கவுன்சலிங் கவுன்சலிங் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். ஆலோசனை என்றால் புத்தி சொல்வது மாதிரிதான் இருக்கிறது, நீங்களோ புத்தி சொல்லக்கூடாது என்கிறீர்கள்.

பிறைக்காரி | வெள்ளி, காலை 6:50

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இலங்கையில் உளவளத்துணை என்கிறார்கள், ஆற்றுப்படுத்தல் என்றும் சொல்கிறார்கள். எனக்குப் பின்னது பிடிக்கும். ஆறு என்றால் வழி, வழியில் விடுவது. அதே சொல்லில் இன்னொரு பக்கம் புண் ஆறுகிறது, மனசு ஆறுகிறது, நீங்கள் கடையில் டீயை ஆற்றுகிறீர்கள். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு, சூடு தாங்குகிற அளவுக்கு வரும்வரை. நீங்கள் பரம்பரையாகவே இந்தத் தொழில்தான் போல.

ஹெச்ஆர் தங்கச்சி, நேற்றே சொல்ல நினைத்து விட்டுப்போனது ஒன்று. நீங்கள் படித்து முடித்துப் பதிவும் செய்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உங்கள் தொழிலாளிக்கே கவுன்சலராக இருக்க முடியாது, இருந்தாலும் கூடாது. கதையைக் கேட்கிற கையே மறுநாள் வார்னிங் லெட்டர் அடிக்கும். இரட்டை உறவு என்று இதற்கு ஒரு முழு வகுப்பு எடுப்பார்கள். வெளியே ஆள் பார்க்கலாம், உங்கள் இடத்தில் நன்றாகக் கேட்கத் தெரிந்த ஹெச்ஆராக இருந்து, தேவைப்படுகிறவரை வேறு கவுன்சலரிடம் அனுப்பலாம். அது போதும் என்றால் மாஸ்டர்ஸே தேவையில்லை, குறுகிய பயிற்சி போதும். தொழிலை மாற்ற எண்ணம் இருந்தால் சேருங்கள். மனசு தளர்ந்தவர்கள் போன் போட்டால் கேட்கிற பெஃப்ரெண்டர்ஸில் ஒரு வருடம் தன்னார்வலராக இருந்து பார்ப்பதும் நல்லது, கோலாலம்பூரில் 1970 முதல் இருக்கிறார்கள், பயிற்சியும் கொடுப்பார்கள். ராத்திரியில் முகம் தெரியாத ஒருவர் பேசுவதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, அப்புறமும் இந்த ஆசை இருக்கிறதா பாருங்கள்.

அதுவரை ஒரு வீட்டுப்பாடம். நம்பிக்கையான ஒருவரிடம் அனுமதி கேட்டுப் பத்து நிமிடம் பதிவு செய்து, தம்பி சொன்ன மாதிரி எழுதிப் பாருங்கள். "ஏன்" எத்தனை, "எனக்கும்" எத்தனை என்று எண்ணிவிட்டு வாருங்கள்.

ஹெச்ஆர்_மேசை | ஞாயிறு, இரவு 9:14

செய்தேன் அக்கா. என் சித்தி மகள், சம்மதம் கேட்டு, கைப்பேசியை நடுவில் வைத்து. பத்து நிமிடத்தை எழுத இரண்டே கால் மணி நேரம். "ஏன்" 9. "எனக்கும்" 3. அவள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்கு முன் நான் முடித்து வைத்தது 6, அதில் 4 தடவை அவள் சொல்ல வந்தது அது இல்லை. ஒரே ஓர் இடத்தில் என்ன கேட்பது என்று தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருந்திருக்கிறேன், பதிவில் ஏழு நொடி, கேட்கும்போது ஏழு நிமிடம் போல இருந்தது, விசிறிச் சத்தம் மட்டும். அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் அந்தப் பத்து நிமிடத்திலேயே முக்கியமானது. 20 வருடமாகத் தெரிந்தவள், எனக்கு அது தெரியாது.

இரட்டை உறவு விஷயம் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டுக்காரரிடம் பேசினேன். இந்த வருடம் சேரவில்லை, பெஃப்ரெண்டர்ஸுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். லெம்பாகாவுக்கு இரண்டு படிப்பின் பெயரை எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன், கிள்ளான் தம்பி மாதிரி இன்னொருவர் மாட்டக்கூடாது.

அப்புறம், அந்த அண்ணனை வெள்ளிக்கிழமை கேன்டீனில் பார்த்தேன். தட்டை வைத்துவிட்டு அருகில் போய், "அன்னிக்கு நீங்க சொன்னதை நான் சரியா கேக்கலண்ணே" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். உட்கார்ந்தேன்.

கோப்பி_ஓ | ஞாயிறு, இரவு 9:31

அப்புறம்? என்ன சொன்னார்?

ஹெச்ஆர்_மேசை | ஞாயிறு, இரவு 9:33

அதைச் சொல்லமாட்டேன் அண்ணே.